மூன்றாம் சிலிண்டரின் தும்மல்

என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடி வெலோசே என்ற இத்தாலியக் கார். மிலான் நகரை ஒட்டிய அரேசே தொழிற்சாலையில் 1971 முதல் 1976 வரை தயாரான வகை. 1962 சிசி கொள்ளளவு, அலுமினிய பிளாக், சங்கிலியால் சுழலும் இரட்டை கேம்ஷாஃப்ட், ஏறத்தாழ 130 குதிரைத்திறன். காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்; இந்த வகைக் கார்களில் சிலவற்றுக்கு டெல்லோர்த்தோ கார்புரேட்டரும் சிலவற்றுக்கு சோலெக்ஸும் பொருத்தப்பட்டிருந்தன. என் காரில் இருப்பவை இரண்டு வெபர் 40 டிசிஓஇ. ஒவ்வொன்றுக்கும் காற்று போகும் இரண்டு தொண்டைகள் உண்டு. ஆகவே நான்கு சிலிண்டர்களும் தனித்தனித் தொண்டை, தனித்தனி ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை), தனித்தனி த்ராட்டில் தட்டு (மிதிக்கேற்பத் திறக்கும் தட்டு) ஆகியவற்றுடன் இயங்குகின்றன. நான்கு மோட்டார் சைக்கிள்களை ஒரே கிராங்க்ஷாஃப்டில் கட்டி ஓட்டுவதைப் போன்றது இது. ஒன்று முரண்டு பிடித்தாலும் மற்ற மூன்றும் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவதால், எது முரண்டு பிடிக்கிறது என்பது எளிதில் வெளியே தெரிவதில்லை. கடந்த ஆண்டு ஒரு கோடைக்காலம் முழுவதையும் நான் இழந்தது இதனால்தான்.

கோளாறு இப்படித் தொடங்கியது. காலையில் குளிர்ந்த நிலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும், முதல் பத்து நிமிடங்கள் குறையின்றி ஓடும். இருபது நிமிடங்கள் ஓடிச் சூடேறிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது நிமிடத்துக்கு 900 சுற்றில் இருக்க வேண்டிய ஐடிலிங் (மிதிக்காதபோது மோட்டார் ஓடும் வேகம்) 600க்கு இறங்கி, மறுபடி ஏறி, மீண்டும் இறங்கும். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டால் கார்புரேட்டரின் வாய் வழியாக ஒரு தும்மல் வரும். கால் பதித்து முழுவதுமாக மிதித்தால் எந்தத் தயக்கமும் இல்லாமல் 5500 சுற்று வரை சீறிக்கொண்டு ஏறும். வேகமாக ஓட்டினால் சரி, நிதானமாக ஓட்டினால் தகராறு. சுவிட்சர்லாந்தின் பெலின்சோனா நகரின் ஒருவழிப் பாதைகளில் வேகமாக ஓட்டுவது என் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல.

கார்புரேட்டரைத் தெரிந்தவர்கள் இந்த மூன்று அறிகுறிகளை வைத்தே பாதி தூரம் போய்விடுவார்கள். குளிரில் சோக் இழுத்திருக்கும்போது கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கும். அப்போது நன்றாக ஓடி, சூடேறியபின் கெடுகிறது என்றால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். வாய் வழியாகத் தும்முவதும் மெலிந்த கலவையின் குணமே: மெல்ல எரியும் கலவை அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும் வரைக்கும் எரிந்துகொண்டிருந்து, உள்ளே வரும் புதுக் கலவைக்கும் தீ வைத்துவிடுகிறது. முழு மிதியில் நன்றாக இருப்பதால், அப்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட் பக்கம் குற்றமில்லை. எனக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்காமல், நேராக ஸ்பேனரை எடுத்தேன். அது முதல் தவறு.

இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றி மேசையில் பிரித்துப் போட்டேன். டிசிஓஇ பிரிப்பதற்கு இன்பமான பொருள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே வட்ட மூடியின் இறக்கை நட்டைத் திருகி எடுத்தால் நான்கு ஜெட்களும் கைக்கு எட்டும்: நடுவில் மெயின் ஜெட், பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் குழாய், அந்தக் காற்றை அளக்கும் ஏர் கரெக்டர் மூன்றும் ஒரே கம்பாகச் செருகி வரும், பக்கத்தில் குறைந்த சுற்றுக்கான ஐடில் ஜெட். பித்தளையில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. என் காரில் இருந்த 50 எஃப்8 ஐடில் ஜெட்டின் பெட்ரோல் துளை 0.50 மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சில மடங்கே பெரிய துளை அது. பெட்ரோல் தொட்டியில் இருந்து வரும் ஒரு துரு மணல் போதும், அந்தச் சிலிண்டர் ஐடிலிங்கில் செத்துவிடும். டிசிஓஇயில் அதிகம் வரும் கோளாறும் அதுதான் என்பதால் நம்பிக்கையுடன் ஒவ்வொரு ஜெட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நான்கும் சுத்தமாக இருந்தன.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் மட்டத்தை அளந்தபோது பின்பக்கக் கார்புரேட்டரில் தவறு இருந்தது. மூடியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடில் வால்வின் சிறு உருண்டையைத் தொட்டும் அதை அமுக்காமலும் இருக்கும் நிலையில், கேஸ்கெட்டிலிருந்து பித்தளை ஃப்ளோட் வரை 8.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃப்ளோட் முழுவதும் கீழே தொங்கும்போது 15 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் 8.5 சரியாக இருந்தது. பின்பக்கத்தில் 7. ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் நாக்கை வளைத்து 8.5க்குக் கொண்டுவந்தேன். கேஸ்கெட், நீடில் வால்வு, ஆக்சிலரேட்டர் பம்பின் சிறு வால்வுகள் எல்லாம் புதிதாகப் போட்டு, இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு மாட்டி ஓட்டினேன். கோளாறு கூடியிருந்தது.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். 7 மில்லிமீட்டர் என்றால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்திருந்தது என்று பொருள். அதாவது பின்பக்கக் கார்புரேட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் வண்டி மோசமானது என்றால், அந்தப் பக்கத்தில் எங்கோ பெட்ரோல் பற்றவில்லை, அல்லது காற்று மிகுதியாக வருகிறது. முன்னர் வைத்திருந்தவரோ அவருடைய மெக்கானிக்கோ இதே நோயை மட்டத்தை உயர்த்தி மூடிமறைத்திருக்கக்கூடும். ஒரு தவறான அளவு வேறொரு தவறைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது பழைய கார்களில் மிகவும் சாதாரணம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

பனிக்காலத்தில் மூடியிருக்கும் கோட்ஹார்ட் மலைக் கணவாய் ஜூன் மாதத்தில் திறந்தவுடன் மேலே போனேன். பெலின்சோனா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். கணவாயின் உச்சி 2106 மீட்டர். ஐரோலோவுக்கு மேலே கருங்கல் பாவிய பழைய திரெமோலா சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. இத்தகைய காருக்கென்றே போட்டதுபோன்ற சாலை. அடிவாரத்தில் ஒவ்வொரு வளைவிலும் தும்மிய வண்டி, உயரம் ஏற ஏறச் சாந்தமானது. உச்சியில் ஏரிக்கரையில் நிறுத்தி, மோட்டாரை அணைக்காமல் இறங்கி நின்று கேட்டேன். 900 சுற்றில் தையல் இயந்திரம் போல ஓடியது. மாலையில் கீழே இறங்கி வந்ததும் பழைய கதை.

இதை நான் வெப்பத்தின் வேலை என்று எடுத்துக்கொண்டேன். மேலே குளிர், கீழே 30 பாகை வெயில். ஆகவே பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குமிழி விடுகிறது என்று முடிவுகட்டி, பெட்ரோல் குழாய்களுக்கு வெப்பத்தடை உறை சுற்றினேன், கார்புரேட்டருக்குக் கீழே அலுமினியத் தகடு வைத்தேன். பயனில்லை. உண்மையில் அந்த மலைப் பயணம் சொன்ன செய்தி வேறு. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைகிறது. கார்புரேட்டரோ அடர்த்தி குறைந்த விகிதத்துக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே குறைக்கிறது. 2100 மீட்டரில் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைப்போல ஐந்தில் நான்கு பங்குதான். கணக்குப் போட்டால் பெலின்சோனாவில் இருப்பதைவிட உச்சியில் கலவை ஏறத்தாழ 10 சதவீதம் பெட்ரோல் மிகுந்ததாகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டி அங்கே சற்று மூச்சுத் திணற வேண்டும். என் வண்டி அங்கே குணமானது. மெலிந்த கலவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. நானோ சாட்சியைக் கேட்காமல் வெயிலைக் குற்றவாளியாக்கினேன்.

அடுத்து 55 எண் ஐடில் ஜெட்களை வாங்கி நான்கிலும் போட்டேன். 50க்கும் 55க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 21 சதவீதம் கூடுகிறது. ஐடிலிங் உண்மையில் நிதானப்பட்டது. ஒரு வாரம் பெருமையாக ஓட்டினேன். பிறகு கராஜில் பெட்ரோல் நெடியைப் பற்றி வீட்டில் முறையீடு வந்தது. பிளக்குகளைக் கழற்றியபோது 1, 2, 4 மூன்றும் புகைக்கரி பூசிக் கறுத்திருந்தன. 3ஆவது மட்டும் அழகான காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. மூன்று சிலிண்டர்களுக்கு அளவுக்கு மீறி ஊட்டி, மூன்றாம் சிலிண்டருக்குப் போதுமான அளவு கிடைக்கச் செய்திருந்தேன். அன்றுதான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டை எடுத்தேன்.

முதல் வேலையாக 50 எஃப்8 ஜெட்களைத் திரும்பப் போட்டேன். மாற்றிய ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் எடுக்கும் எந்த அளவுக்கும் மதிப்பில்லை. ஃப்ளோட்டை மட்டும் 8.5இலேயே விட்டேன், அது சரியான அளவு.

அதன்பின் கார்புரேட்டரைத் தொடாமல் மற்றவற்றைப் பார்த்தேன். கார்புரேட்டர் கோளாறுகளில் பெரும்பாலானவை மின்சாரக் கோளாறுகள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாஷ் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி 0.40 மில்லிமீட்டர், பாயிண்ட் மூடியிருக்கும் டுவெல் கோணம் 60 பாகை, இரண்டும் சரி. பிளக் பொறி விடும் தருணத்தைக் காட்டும் டைமிங் விளக்கை கிராங்க் புல்லியின் மேல் பிடித்தேன். ஆல்ஃபாவில் அந்தப் புல்லியில் மூன்று குறிகள் இருக்கும்: பி என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை, எஃப் என்பது ஐடிலிங்கில் இருக்க வேண்டிய நிலையான முன்னேற்றம் (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விடும் அளவு), எம் என்பது உயர்சுற்றில் அடைய வேண்டிய அதிகபட்ச முன்னேற்றம். பலரும் எஃப் குறியை வைத்து டைமிங் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருக்கும் எடைக்கற்களும் ஸ்பிரிங்குகளும் ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தில் வேறு வளைவைப் பின்பற்றலாம் என்பதால், முக்கியமானது எம் குறியே. அதுவும் சரியாக வந்தது. கம்ப்ரஷன் நான்கிலும் 11.6 முதல் 12 பாருக்குள் இருந்தது. மெக்கானிக்கல் பம்ப் கொடுத்த பெட்ரோல் அழுத்தம் 0.2 பார்; டிசிஓஇயின் நீடில் வால்வு தாங்கக்கூடிய, அதற்குப் போதுமான அளவு. இந்த நான்கு சோதனைகளுக்கும் ஒரு சனிக்கிழமை காலை மட்டுமே ஆனது. மே மாதத்திலேயே இதைச் செய்திருக்கலாம்.

மோட்டார் நன்றாகச் சூடேறிய பின், ஐடிலிங்கில் ஒவ்வொரு பிளக் வயராகத் துண்டித்துச் சுற்று எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தேன். துண்டித்த வயரை பிளாக்கோடு எர்த் செய்யாமல் விட்டால் இக்னிஷன் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) கெட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு முதலைக் கிளிப் கம்பியால் எர்த் செய்தேன். 1இல் 140 சுற்று இறங்கியது, 2இல் 150, 4இல் 130. 3ஐத் துண்டித்தபோது முள் 20 சுற்றுகூட அசையவில்லை. மூன்றாம் சிலிண்டர் சும்மா சவாரி செய்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் குழாய்களின் மேல் வெப்பமானியைப் பிடித்தாலும் அதுவே தெரிந்தது. மூன்றாம் குழாய் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தது.

ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டரின் பெட்ரோலையும் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகுகளின் நிலை இன்னும் கூர்மையாகப் பேசியது. நான்கையும் மென்மையாக உள்ளே மூடி, எத்தனை சுற்றுத் திறந்திருந்தன என்று எண்ணினேன். 1, 2, 4 மூன்றும் ஏறத்தாழ ஒரு சுற்று. 3ஆவது இரண்டேகால் சுற்று. முன்னர் ட்யூன் செய்த கை, அந்தச் சிலிண்டருக்கு எப்படியாவது பெட்ரோல் கொடுத்து ஐடிலிங்கை நிலைநிறுத்த முயன்று, திருகைத் திறந்துகொண்டே போயிருந்தது. அந்த எண்ணை நான் பிரித்த நாளிலேயே குறித்துவைக்காதது என் இரண்டாவது தவறு. கழற்றுவதற்கு முன் திருகுகளின் நிலையை எண்ணிக் குறித்திருந்தால், எந்தச் சிலிண்டர் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது கேள்வி சுருங்கியது: மூன்றாம் சிலிண்டர் ஏன் மெலிந்திருக்கிறது? 3, 4 இரண்டுக்கும் உரிய ஐடில் ஜெட்களை இடம் மாற்றிப் போட்டேன். குற்றம் ஜெட்டில் என்றால் அது நான்காம் சிலிண்டருக்கு இடம் பெயர்ந்திருக்க வேண்டும், பெயரவில்லை. பிளக்குகளையும் வயர்களையும் அதேபோல மாற்றினேன், 3 அசையவில்லை. டிசிஓஇயில் ஐடில் ஜெட்டின் ஆட்சி நாம் நினைப்பதைவிட நீண்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். த்ராட்டில் தட்டின் விளிம்பை ஒட்டிச் சில நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கின்றன; தட்டு திறக்கத் திறக்க அவை ஒவ்வொன்றாக உறிஞ்சலுக்கு ஆட்பட்டுப் பெட்ரோலை விடுகின்றன. அந்தப் பெட்ரோலும் ஐடில் ஜெட் வழியாகவே வருகிறது. மெயின் ஜெட் முழுப் பொறுப்பை ஏற்பதற்கு 2500, 3000 சுற்று ஆகிவிடும். நகருக்குள் ஓட்டுவது முழுவதும் ஐடில் ஜெட்டின் தயவில்தான். அந்த எல்லைக்குள் மட்டும் கோளாறு இருந்தது. அதே எல்லைக்குள்தான் இன்டேக் குழாயில் உறிஞ்சல் வலுவாக இருக்கும். முழு மிதியில் உறிஞ்சல் அநேகமாக இல்லாமல் போய்விடும். ஆகவே த்ராட்டில் தட்டுக்கு அப்பால் எங்கோ கள்ளக் காற்று, அதாவது கார்புரேட்டர் வழியாக வராத காற்று, நுழைந்தாலும் இதே அறிகுறிகள் வரும்.

கள்ளக் காற்று வரக்கூடிய இடங்கள் சிலவே. பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயைக் கிடுக்கியால் நெரித்தேன்; மாற்றமில்லை. த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டினேன். அது பந்துத் தாங்கிகளில் சுழல்வதால் மற்றக் கார்புரேட்டர்களைப் போல எளிதில் தேய்வதில்லை, இங்கும் ஆட்டமில்லை. மிஞ்சியவை கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும், மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் மவுண்டும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்துச் செய்த துண்டு அது. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஒன்று. மோட்டாரின் அதிர்வு நேரடியாக ஏறினால் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்துவிடும் என்பதால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இவ்வகைக் கார்புரேட்டர்களை மெத்தை வைத்தே மாட்டுவார்கள்.

மவுண்டைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைச் சிறிது சிறிதாக அடித்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் அந்த ஸ்பிரே உள்ளே இழுக்கப்பட்டு, எரிபொருளாகிச் சுற்று ஏறும். இந்த மோட்டாரில் எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால்தான் அதற்குத் துணிந்தேன். அப்படியும் தீயணைப்பானைக் கையருகே வைத்துக்கொண்டேன். எங்கு அடித்தும் சுற்று ஏறவில்லை. ரப்பர் மவுண்ட் நல்லது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மூன்றாவது தவறு.

அடுத்த ஞாயிறு மனைவியின் தம்பி வந்திருந்தான். அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, மோட்டார் சூட்டில் ஐடிலிங் தடுமாறிக்கொண்டிருக்க, நான் இணைப்புக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சிறு வாஷர் ஒன்று நழுவிப் பின்பக்கக் கார்புரேட்டருக்குக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் கையை உள்ளே நுழைத்தபோது என் மணிக்கட்டு கார்புரேட்டரின் அடியில் முட்டி, அதைச் சற்றே தூக்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது: “அத்தான், என்ன செய்தீர்கள்? முள் ஏறி நிற்கிறது.” கையை எடுத்தேன், தடுமாற்றம் திரும்பியது. மறுபடி தூக்கினேன், 900 சுற்றில் நிமிர்ந்து நின்றது. மூன்று நான்கு தடவை தூக்குவதும் விடுவதுமாக இருவரும் சிறுபிள்ளைகளைப் போல விளையாடினோம். வாஷர் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஸ்பிரே சோதனை ஏன் ஏமாற்றியது என்பது உடனே விளங்கியது. மவுண்டைப் பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக, கார்புரேட்டர்களின் வாயில் மாட்டியிருந்த பெரிய காற்றுப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்பிரே அடித்தேன். கழற்றி முடிப்பதற்குள் மோட்டாரும் ஆறியிருந்தது. கார்புரேட்டர் மேனிஃபோல்டிலிருந்து பக்கவாட்டில் நீண்டு தொங்குகிறது. அதன் நுனியில் காற்றுப்பெட்டியின் எடை சேரும்போது மவுண்டின் மேல்விளிம்பு இழுபட்டு, கீழ்விளிம்பு அமுங்குகிறது. சூட்டில் ரப்பர் இளகியதும் மேல்விளிம்பில் இருந்த பிளவு வாய் திறக்கிறது. நான் எடையை எடுத்து, சூட்டையும் போக்கி, பிளவை மூடச்செய்துவிட்டு, பிளவு இல்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். காற்றுப்பெட்டியைக் கழற்றும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் நன்றாக ஓடியதையும் கவனித்திருந்தேன். அதற்கு ஃபில்டர் அடைப்பே காரணம் என்று நினைத்து ஒரு புது ஃபில்டர் வேறு வாங்கியிருந்தேன்.

இந்த முறை காற்றுப்பெட்டியை மாட்டியபடியே, சூடான மோட்டாரில், ஒரு மெல்லிய குழாயை ஸ்பிரேயில் செருகி மவுண்டின் மேல்விளிம்புக்கு நேராக ஒரு சொட்டு விட்டேன். சுற்று 300 ஏறியது.

கழற்றிய மவுண்ட் மேசையில் வைத்துப் பார்க்க ஒரு குறையும் இல்லாததுபோல இருந்தது. இரண்டு தகடுகளையும் பெருவிரல்களால் பிரித்து வளைத்ததும், மூன்றாம் சிலிண்டருக்குரிய துளைக்கு மேலே ரப்பர் உலோகத்தைவிட்டு மீனின் வாயைப் போலப் பிளந்தது. பிளவின் நீளம் 30 மில்லிமீட்டர் இருக்கும். நான்காம் துளையின் பக்கம் ஒட்டு இன்னும் விடவில்லை, ஆனால் விளிம்பில் மயிரிழைக் கோடுகள் தொடங்கியிருந்தன. முன்பக்க மவுண்ட் நன்றாக இருந்தது. அதையும் சேர்த்தே மாற்றினேன்.

ரப்பர் பொருள், வயதாகிவிட்டது, கிழிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் முன்பக்கமும் அதே வயதுதான். கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது பிளாக்கில் எதுவும் பூட்டாத ஒரு திருகுத் துளை கண்ணில் பட்டது. அதே வகைக் கார் வைத்திருக்கும் ஒருவருடைய மோட்டார் அறையுடன் ஒப்பிட்டபோது விவரம் தெரிந்தது: காற்றுப்பெட்டியையும் கார்புரேட்டர்களையும் கீழிருந்து தாங்கும் ஒரு முட்டு அங்கே இருக்க வேண்டும். எப்போதோ யாரோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ வேறெதையோ கழற்றியபோது அதையும் எடுத்து, திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். முழு எடையையும் ரப்பரே சுமந்திருக்கிறது. முட்டு இல்லாமல் புது மவுண்ட் போட்டிருந்தால் சில ஆண்டுகளில் இதே பதிவை மறுபடி எழுதியிருப்பேன். பழைய உதிரிபாகக் கடையொன்றில் துருப்பிடித்த முட்டு ஒன்று கிடைத்தது. தேய்த்துப் பெயின்ட் அடித்து மாட்டினேன். மாட்டும்போது முட்டால் கார்புரேட்டரைத் தூக்கிவிடக் கூடாது. எல்லா நட்டுகளையும் கைவிரலால் மட்டும் திருகி, கார்புரேட்டர் தன் இயல்பான நிலையில் நிற்கும்போது அந்த முட்டு அதைத் தொடும்படி சேர்த்து, அதன் பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இம்முறை மவுண்டின் கீழ்விளிம்பு கிழியும்.

மேனிஃபோல்டு முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பரப்பிய எமரித் தாளில் தேய்த்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மவுண்டின் நட்டுகளை அளவோடு இறுக்கினேன். ரப்பரை நசுக்கும் அளவுக்கு இறுக்கினால் மெத்தையின் பயன் போய்விடும்.

ட்யூனிங் அதன்பிறகு ஒரு மணி நேர வேலையாக முடிந்தது. நான்கு கலவைத் திருகுகளையும் ஒரு சுற்றில் வைத்து, மோட்டாரைச் சூடாக்கி, காற்றோட்டமானியை ஒவ்வொரு வாயிலும் வைத்து அளந்தேன். இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் திருகைச் சரிசெய்து முன்னும் பின்னும் மணிக்கு 5 கிலோ காற்று என்று சமப்படுத்தினேன். ஒரே கார்புரேட்டரின் இரண்டு தொண்டைகளும் வேறுபட்ட அளவு காட்டினால் த்ராட்டில் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். யாராவது தண்டின் நுனி நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் அப்படி ஆகும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பிறகு ஒவ்வொரு கலவைத் திருகையும் சுற்று குறையத் தொடங்கும் வரை மூடி, அங்கிருந்து மோட்டார் சீராக ஓடும் இடம் வரை திறந்தேன். நான்கும் முக்கால் சுற்றுக்கும் ஒரு சுற்றுக்கும் இடையில் வந்து நின்றன. மூன்றாவது ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. வயர் துண்டிக்கும் சோதனையில் நான்கிலும் 130 முதல் 150 சுற்று வரை இறங்கியது.

ஒரு சிறு குறை மிஞ்சியிருக்கிறது. மூன்றாவது கியரில் 2500 சுற்று அளவில் மிதமாக மிதிக்கும்போது, நுண்துளைகளிலிருந்து மெயின் ஜெட்டுக்கு ஆட்சி மாறும் இடத்தில், ஒரு கணத் தயக்கம் உண்டு. தும்மல் அல்ல, மேடை மாறுவதுபோன்ற ஓர் உணர்வு. எமல்ஷன் குழாயை மாற்றினால் போகலாம் என்று சொல்கிறார்கள். 55 எண் ஜெட்கள் இன்னும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த யோசனையைத் தள்ளிப்போடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் கணவாய் மூடுவதற்கு முன் மறுபடி மேலே போனேன். அடிவாரத்தில் வண்டி சுத்தமாக இழுத்தது. ஐரோலோவைத் தாண்டி ஏற ஏற மிதிக்குப் பதில் சொல்வது மந்தமானது. உச்சியில் ஏரிக்கரையில் நிறுத்தியபோது ஐடிலிங் 800க்கு இறங்கி, சற்றுக் கனத்த குரலில், ஓரிரு முறை இடறியபடி ஓடியது. சைலன்சர் குழாயின் நுனியில் விரலைத் தேய்த்தேன், கறுப்பாக ஒட்டியது. நான்கு பிளக்குகளையும் அங்கேயே கழற்றிப் பார்த்தேன். நான்கும் ஒரே அளவுக்குக் கரி படிந்து கறுத்திருந்தன.